கொக்கியின் உயரம்

பாகாவில் அந்த மாதம் மூன்று வீட்டு வண்டிகள்
விலைக்கு நின்றன.
மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் பார்த்தோம்,
நானும் சன்னாசியும்,
என் பழைய பள்ளி வேனில் போய்.

பத்தொன்பது வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான்.
கிளட்சை ஒருமுறை மிதித்தால் போதும்,
முன்பு ஓட்டியவன் முன்கோபியா என்று சொல்லிவிடுவேன்.
அவர் எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி வந்து நிற்கும்முன்னே
எத்தனை டன் குலை என்பார்.

முதலாவது ஹாஜி ரோஸ்லானுடையது.
ரம்புத்தான் மரத்தடியில்
பஸ்ஸுக்குத் தம்பி மாதிரி நின்றது.
குளியலறை, ஆறு பேர் படுக்க இடம்,
கூரைமேல் ஆஸ்ட்ரோ தட்டு.
"பெரிய குடும்பமா?"
ரெண்டே பேர் என்றேன். அவரே சிரித்துவிட்டார்.
எங்கள் தோட்ட முகப்பில்
குலை திருடும் லோரிகளுக்குப் பயந்து
நிர்வாகம் நட்ட இரும்புச் சட்டம் எட்டரை அடி.
இந்த வண்டி பத்தடி.
"வேற பாதையா போலாமே."
வேறு பாதையில் ஆறு இருக்கிறது, பாலம் இல்லை.

இரண்டாவது ஜெயசீலனுடையது. மலிவு.
உள்ளே நுழைந்ததும் இருவரும்
மன்னிப்புக் கேட்க வந்தவர்கள்போல் குனிந்து நின்றோம்.
"படுக்கத்தானேக்கா, நிக்கவா போறீங்க?"
நிற்க இல்லை தம்பி.
ஒரு பை தொங்க.

சொல்லிவிடுகிறேன்.
சன்னாசியின் வயிற்றில் ஒரு குழாய் இருக்கிறது.
நாளுக்கு நான்கு முறை
இரண்டு லிட்டர் உள்ளே போகும்,
உள்ளே கிடந்தது வெளியே வரும்.
மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை,
மேட்டிலிருந்து பள்ளத்துக்கு,
வாய்க்காலுக்குத் தெரிந்த கணக்குதான்.
எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணி.
நான்கு வருஷமாக அந்த ஆணியைவிட்டு
ஐந்து மணி நேரத்துக்கு மேல்
அவர் எங்கும் போனதில்லை.

மூன்றாவது, ஆ லியோங்கின் டயர் கடைக்குப் பின்னால்.
உயரக் கூரை வேன்,
யாரோ தூண்டில் பைத்தியம் வைத்திருந்தது.
இறால் வாடை இன்னும் இறங்கவில்லை.
தவுக்கே எஞ்சினைப் பற்றிப் பேசினார்,
கியர் பெட்டியைப் பற்றிப் பேசினார்,
நான் முட்டிபோட்டு
கட்டிலுக்கு அடியில் அளவு நாடாவை விட்டேன்.
ஐந்து நாளைக்கு இருபது பை, நான்கு பெட்டி.
இரண்டு விரல் இடைவெளி மிச்சம்.
தரையிலிருந்து கூரைக்கு ஆறடி ஓரங்குலம்.
வெளியே ஏழரை. சட்டம் இடிக்காது.

மணி ஒன்று.
சன்னாசி என்னைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன்.
பை காரணமில்லாமலா கொண்டுவந்தோம்?
என் மடியிலேயே வெதுவெதுப்பாகிக் கிடந்தது.

தவுக்கே, ஒரு கொக்கி இருக்கா?

எதற்கென்று கேட்காமல் எடுத்துவந்தார்,
செயின் புளொக் கொக்கி, யானையே தொங்கலாம்.
கூரைக் கம்பியில் மாட்டிவிட்டு வெளியே போய்
கதவை அவரே மெல்லச் சாத்தினார்.
சாராய நெடி வர எல்லாவற்றையும் துடைத்தேன்.
ஜன்னல் மூடி, முகக்கவசம் போட்டு,
கை கழுவி, இன்னொரு முறை கழுவி.
பிறகு வேலை ஏதுமில்லை.
இருபத்தைந்து நிமிஷம்
நகராத வண்டியில் உட்கார்ந்திருந்தோம்.
பக்கத்தில் யாரோ சக்கரம் கழற்றும் சத்தம்.
மேலே பை சுருங்கியது.
"மெர்சிங்ல கடல் பக்கமா திருப்பி நிறுத்தணும்,"
என்றார் சன்னாசி,
"இந்த ஜன்னல் அந்தப் பக்கம் வரணும்."
அவர் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி
எவ்வளவு நாளாயிற்று என்று
நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வடிந்த பையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.
"ரெண்டு கிலோ இருநூறு."
வீட்டுத் தராசில் பிறகு வைத்தேன்.
இரண்டு கிலோ நூற்றித் தொண்ணூறு.
வயசாகிறது அவருக்கு.

முப்பத்தெட்டாயிரம் வெள்ளி என்றார் ஆ லியோங்.
முப்பத்தைந்து என்றேன்.
அவர் வேனைப் பார்த்தார்,
சட்டையைச் சரிசெய்தபடி இறங்கும் சன்னாசியைப் பார்த்தார்,
தலையைச் சொறிந்தார்.
வியாபாரி வியாபாரிதான்.

"முப்பத்தேழு. கொக்கி ஃப்ரீ."